அண்ணனின் ஒற்றை வெள்ளைப் பல்

என் அண்ணன் இருபத்தாறு வருடம் பிறருக்குப் பல் செய்தான். டாக்டர் இல்லை. பல் டாக்டரின் க்ளினிக்குக்குப் பின்னால், ஜெனரேட்டர் வைத்திருக்கும் இடத்துக்கும் கழிவறைக்கும் நடுவே, ஜன்னல் இருந்தும் திறக்க வராத ஓர் அறை உண்டு. அதற்கு லேப் என்று பெயர். டாக்டர் முன்னால் உட்கார்ந்து அளவெடுத்து அனுப்புவார். பின்னால் அண்ணன் அந்த அளவுக்கு உலோகத்தை வார்த்து, மேலே பீங்கான் பூசி, சின்னச் சூளையில் சுட்டு, ராவி, மெருகேற்றி, பல்லின்மேல் மாட்டும் ‘கேப்’ செய்து கொடுப்பான். அதை வாய்க்குள் பொருத்திய பிறகு எது கூடப் பிறந்தது, எது அண்ணன் கொடுத்தது என்று பெற்றவளாலும் சொல்ல முடியாது. லேப்பில் அவனுக்கு ‘பீங்கான்’ என்று பட்டப்பெயர். டாக்டர் மட்டும் மாஸ்டர் என்பார்.

நிறம் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பல்லில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது என்பான். பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாகச் செருகிய ஒரு பட்டை அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மஞ்சள் கலந்தது, சிவப்பு கலந்தது, சாம்பல் கலந்தது என்று பிரித்து, அதற்கு ஷேட் என்று பெயர் சொல்வார்கள். பஸ்ஸில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால் இவன் என் காதருகே குனிந்து எண்ணைச் சொல்வான்.

“பாப்பா, அந்தக் கண்ணாடிக்காரருக்கு முன்னாடி ரெண்டும் வாங்கினது. செஞ்சவன் அவசரத்துல செஞ்சிருக்கான், பாவம்.”

“யாரு பாவம்? அவரா, செஞ்சவனா?”

“ரெண்டு பேரும்தான். அவர் காசு போச்சு, இவன் பேரு போச்சு.”

என் கல்லூரித் தோழிகள் அவன் எதிரில் வாயை மூடிக்கொண்டேதான் பேசுவார்கள்.

அவனுடைய சொந்தப் பற்கள் அந்தப் பதினாறில் எதிலும் அடங்காதவை. சாம்பலும் பழுப்புமாக, குறுக்கே கோடு கோடாக இருக்கும். குழந்தையாக இருந்தபோது அடிக்கடி வந்த காய்ச்சலுக்குக் கொடுத்த ஒரு மருந்தின் வேலை அது. ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகும் வயதில் அந்த வகை மருந்து உடம்பில் சேர்ந்தால், நிறம் பல்லோடு கூடவே வளர்ந்துவிடுமாம். மேலே படிந்த கறை என்றால் தேய்க்கலாம், சுரண்டலாம். இது உள்ளிருந்தே வந்த நிறம். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அவனுக்கே காரணம் தெரிந்தது. என்னிடம் சொல்லிவிட்டு, அம்மாவிடம் மூச்சு விடாதே என்றான். அம்மா ஒரு வேளை தவறாமல் அந்த மருந்தை அவனுக்குப் புகட்டியவள். கடைசிவரை அவளுக்குத் தெரியாது. “ஒழுங்கா தேய்க்காம இப்படி ஆக்கிக்கிட்டான்” என்று பக்கத்து வீட்டாரிடம் அவள் சொல்லும்போதெல்லாம், “ஆமாம்மா, சோம்பேறித்தனம்” என்று அவனே ஒத்து ஊதுவான்.

வெகுகாலம் அவன் வாய் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வரும். கல்யாணப் போட்டோவில் அண்ணி மட்டும் சிரிக்கிறாள். இவன் பரீட்சை எழுத வந்தவன் போல நிற்கிறான்.

பத்தொன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. தொழில் பழகத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரம். தனக்கான கேப்பைத் தானே செய்துகொண்டான். பக்கத்துப் பற்களின் சாம்பலையும் பழுப்புக் கோடுகளையும் மயிரிழைத் தூரிகையால் அப்படியே அதில் தீட்டியிருந்தான். லேப்பில் மெருகு போடும் பாலீஷ்காரர் விளக்கை வாய்க்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “எதுடா உடைஞ்சது?” என்று கேட்டாராம். அழகான பல்லை எல்லாரும் செய்வார்கள், அசிங்கமான பல்லை அச்சாகச் செய்வதற்குத்தான் கண் வேண்டும் என்று அதற்குப் பிறகு அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பத்து மூன்றாவது வயதில் இருமல் பிடித்துக்கொண்டது. முதலில் காலையில் மட்டும் வந்தது, பிறகு மாடிப்படி ஏறினால், பிறகு பேசினால். பீங்கானையும் உலோகத்தையும் ராவும்போது பறக்கும் தூசி மாவைவிட மெல்லியது. அதை இழுத்துக்கொள்ள மேசைக்கடியில் ஒரு மோட்டார் உண்டு. அது போடும் சத்தத்துக்கு முன்னால் இருக்கும் நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்று பகலில் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபோது நானும் அண்ணியும் கூட இருந்தோம்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

அண்ணன் சொன்னான்.

“மாஸ்க் போடுவீங்களா?”

“போடுவேன் சார். சூளை பக்கம் போனா கழட்டிடுவேன், வேர்க்குது.”

“சூளை பக்கம் எவ்வளவு நேரம் இருப்பீங்க?”

அண்ணன் யோசித்துவிட்டு, “பாதி நாள்” என்றான்.

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதாமல் பேனாவை மூடினார். “மருந்து நான் தர்றேன். ஆனா அந்த ரூமுக்குள்ள திரும்பப் போனீங்கன்னா என் மருந்து வேஸ்ட். இப்போ வெளிய வந்தீங்கன்னா இருக்கற நுரையீரலை வெச்சு வண்டி ஓட்டலாம். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

வெளியே வந்ததும் அண்ணன், “வண்டி ஓட்டலாம்னா, லைசன்ஸ் எடுக்கணுமா?” என்றான். அண்ணி சிரிக்கவில்லை. மறுநாளே, அவனுக்குச் சொல்லாமல், பல் டாக்டரைப் போய்ப் பார்த்தாள்.

பல் டாக்டர் கெட்டவர் இல்லை. இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அந்தச் சமயம் அவர் பல் வெளுக்கும் லேசர் மிஷின் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். அதற்காக முன்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் போட்டாயிற்று. வருகிறவர்களின் பல் நிறத்தைப் பார்த்துக் குறித்து, லேசரால் என்ன ஆகும் என்ன ஆகாது என்று விளக்கிச் சொல்ல ஓர் ஆள் தேவை. “மாஸ்டரை விட்டா யாரு? நாளையிலிருந்தே முன்னால உக்காரச் சொல்லுங்கம்மா” என்றார். சம்பளம் அதேதான். ஆனால் தூசி கிடையாது. வீட்டுக்கு வந்த அண்ணி முதல் வேலையாக அவனுடைய இரண்டு முழுக்கைச் சட்டைகளை எடுத்து இஸ்திரி போட்டாள்.

அந்த மேசையில் அவன் பேசியதை ஒரு நாள் நானே கேட்டேன். என் பல்லைச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா அவன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“உங்களுக்கு டீக்கறைம்மா. வயசுக்கு வர்ற மஞ்சளும் கொஞ்சம் இருக்கு. இதுக்கு லேசர் நல்லா கேக்கும். ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும். வீட்டுல பேஸ்ட் தேச்சு மாசக்கணக்குல வராதது இதுல ஒரே நாள்ல வரும்.”

“வலிக்குமா?”

“அப்போ வலிக்காது. அன்னிக்கு ராத்திரி சுரீர் சுரீர்னு இழுக்கும், ரெண்டு நாளைக்குப் பச்சத் தண்ணி குடிக்க முடியாது. ஜெல் ஈறுல பட்டா வெந்து வெளுத்துடும், டாக்டர் பார்த்துப் போடுவாரு. ஒரு வாரம் டீ, காபி தொடக்கூடாது.”

“அப்புறம் எப்பவும் வெள்ளையாவே இருக்குமா?”

“இருக்காதும்மா. போட்டு முடிச்சு எந்திரிச்சதும் கண்ணாடில பாக்கறீங்களே, அந்த வெள்ளை நிக்காது. பல்லு காஞ்சு போயிருக்கும், அதனால கூடுதலா வெளுப்பாத் தெரியும். ஈரம் ஏற ஏறக் கொஞ்சம் இறங்கும். ரெண்டு வாரம் கழிச்சு என்ன இருக்கோ அதுதான் உங்களுது. அதுவும் வருஷம் ஒண்ணு, ஒண்ணரைதான். கடைவாய்ல ஒரு கேப் போட்டிருக்கீங்க, அது மாறவே மாறாது. லேசருக்குப் பீங்கான் அசையாது.”

அந்த அம்மா அவன் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். அவர் கண்கள் அவன் வாயிலேயே இருந்தன. கடைசியில் மெதுவாக, கிண்டல் இல்லாமல்தான் கேட்டார்: “இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. நீங்க ஏன் போட்டுக்கல?”

“என் கேஸ் வேறம்மா” என்றான் அண்ணன். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார்.

அந்த வாரம் அப்படி எழுந்து போனவர்கள் ஐந்தாறு பேர். சனிக்கிழமை டாக்டர் அவனைக் கூப்பிட்டு, சுற்றி வளைத்துப் பேசினார். “நான் உங்களைக் குறை சொல்லல மாஸ்டர். ஆனா மிஷின் பக்கத்துல உக்கார்ற ஆளுக்கு…” என்று நிறுத்தினார். “நீங்களே ஒரு தடவை போட்டுக்குங்களேன். நானே போட்டு விடறேன். போட்டுக்கிட்டா அந்த நாற்காலி உங்களுக்குத்தான்.”

“என் பல்லு கேக்காதுங்க, உங்களுக்கே தெரியும்.”

“கொஞ்சமாவது கேக்கும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டான். நான் அரை நாள் விடுப்பு எடுத்துக் கூடப் போனேன். உதட்டை இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி, ஈறின்மேல் நீலப் பசை பூசி இறுக விட்டு, ஜெல் தடவி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒளியைக் காட்டினார்கள். கால் மணி நேரம். துடைத்து, மறுபடி. அப்படி நான்கு தடவை. மற்றவர்களுக்கு மூன்றுதான். நாற்பது வருடம் மூடியே வைத்திருந்த வாயை ஓர் அறை முழுக்கப் பார்க்கும்படி திறந்துகொண்டு கிடந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். கோடுகள் மங்கி, சாம்பல் போய், பழைய காகிதத்தின் வெளுப்பு வந்திருந்தது. அண்ணன் வெகுநேரம் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்த பட்டையை எடுத்து, மாதிரிப் பல் ஒன்றைத் தன் பல்லோரம் வைத்துப் பார்த்தான். முதல் முறையாக அவன் பல்லுக்கு ஓர் எண் கிடைத்தது. அதை என்னிடம் சொன்னான்.

ஆனால் நடுவில் அந்தக் கேப் இருந்தது. அவனே பத்தொன்பது வயதில் தீட்டிய சாம்பல் கேப். லேசருக்கு அது அசையாது. சுற்றிலும் வெளுத்ததும் அது ஒன்று மட்டும் சொத்தைப் பல் மாதிரி கறுத்து நின்றது.

லேசருக்குப் பிறகு பதினான்கு நாள் கழியாமல் யாருக்கும் கேப்புக்கு நிறம் எடுக்கக்கூடாது. லேப்பில் இந்தச் சட்டத்தைப் போட்டவனே அண்ணன்தான். வேறு க்ளினிக்குகளிலிருந்து அவசரப்பட்டு அனுப்பும் அளவுகளை, தேதியைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்புவான். அந்த அண்ணன் மறுநாள் சனிக்கிழமை காலை லேப்பில் உட்கார்ந்து, அந்த வெளுப்புக்கே பீங்கான் குழைத்தான். நடந்ததைப் பாலீஷ்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

“பீங்கான், பதினாலு நாள்?”

“திங்கக்கிழமை அங்க உக்காரணும்.”

“அதுவரைக்கும் பிளாஸ்டிக்ல தற்காலிகமா ஒண்ணு மாட்டிக்கோ. யாரு பாக்கப் போறா?”

“நான் பார்ப்பேன்ல. பிளாஸ்டிக்க வாயில வெச்சுக்கிட்டு அடுத்தவனுக்கு நான் நிறம் சொல்லவா?”

“இறங்கிடும்ப்பா. நீயே சொல்வியே.”

“மத்தவங்களுக்கு இறங்கும். எனக்கு நாலு தடவை போட்டிருக்கு.”

நாலு தடவை போட்டால் இறங்காது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவனுக்கும் தெரியும். அன்றைக்கு அவனுக்கு அது தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை போனான். அதற்கடுத்த இரண்டு வாரமும் வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்குச் சிரமமாக இருக்கிறது, ஏனென்றால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் குடித்தான். தேநீர் இல்லாமல் தலை வலிக்கிறது என்று புலம்பினான். படி ஏறும்போது ஒரு தடவைதான் நின்றான். அண்ணி ஏதோ சொன்னதற்கு வாய் விட்டுச் சிரித்தான்; சமையலறையிலிருந்த அம்மா யாரோ விருந்தாளி என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க, இவ்வளவு சத்தமா சிரிப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா பக்கத்து வீட்டுல சொல்லி வெச்சிருப்பேனே” என்றாள் அண்ணி.

மூன்றாவது வாரம் சாம்பல் ஈறோரமாகத் திரும்பத் தொடங்கியது. அவன்தான் முதலில் பார்த்திருப்பான். சொல்லவில்லை. நான்காவது வாரம் கோடுகள் தெளிவாகிவிட்டன. பற்களெல்லாம் பழைய நிறத்துக்கே இறங்கிவிட்டன. கேப் மட்டும் அந்த வெள்ளிக்கிழமை மாலையிலேயே நின்றுவிட்டது. கறுத்த வரிசையின் நடுவே பளிச்சென்று ஒற்றைப் பல். முன்னாலாவது அவன் வாயை ஒரு நொடி கழித்துத்தான் கவனிப்பார்கள். இப்போது வாசலிலிருந்தே தெரிந்தது.

ஒருவர் மேசையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, “லேசர் ஒரு பல்லுலதான் பிடிக்குமா?” என்று கேட்டாராம். காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணனும் சிரித்தான், மூக்கு வழியாக.

டாக்டர் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். இந்த முறை ஈறு வெந்தது. காற்று பட்டாலே கூசியது. பேசும்போது உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். நிறம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது தடவைக்கு டாக்டரே மாட்டேன் என்றுவிட்டார். அது சரியான முடிவு.

லேசரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த மேசைக்கு வந்தவர்களில் பலர், பட்டப்படிப்பு முடித்த பையனிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் வரை, சந்தோஷமாகத்தான் திரும்பிப் போனார்கள். வங்கி அம்மாகூடப் பிறகு வந்து போட்டுக்கொண்டார். இன்றும் தெருவில் பார்த்தால் வாய் நிறையச் சிரிக்கிறார். அண்ணன் அவருக்குச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வரும் என்றதும் உண்மை, நிற்காது என்றதும் உண்மை.

டாக்டர் சொன்னதை அண்ணன் வீட்டில் இரண்டே வரியில் சொன்னான். “முன்னால வேற பொண்ணு வருது. நான் பின்னாலயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டேன்.”

“அவரா சொன்னாரா, நீங்களா சொன்னீங்களா?” என்றாள் அண்ணி.

“அவர் சொல்ல ஆரம்பிச்சாரு. முடிக்க விடாம நானே சொல்லிட்டேன். பாவம், வேர்த்துடுச்சு அவருக்கு.”

“வேற எங்கயாவது வேலை பாக்கலாம். வாட்ச்மேன் வேலைகூடப் போதும்.”

“எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும்.”

“உங்க நெஞ்சு?”

“மாஸ்க் கழட்டாம இருக்கேன்.”

நான் பக்கத்து அறையில் இருந்தேன். பல் டாக்டரிடம் போய்ப் பேச வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், அடுத்த வாரமும் நினைத்தேன். படித்தவள், பேசத் தெரிந்தவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். போகவில்லை. அண்ணனுக்கு அவமானமாக இருக்கும் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

லேப்புக்குத் திரும்பிய முதல் நாள் வெள்ளைக் கேப்பை அறுத்து எடுத்துவிட்டு, தனக்கு வேறொன்று செய்துகொண்டான். பழையபடி சாம்பல், பழையபடி கோடுகள். பாலீஷ்காரர் மெருகு போட்டுக் கொடுத்தார். இந்த முறை அவர் விளக்கைப் பிடித்துப் பார்க்கவில்லையாம். “என்ன கேக்கறதுன்னு தெரியலம்மா” என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் எட்டு மாதம் இருந்தான். மாஸ்க்கைக் கழற்றாமல்தான் வேலை செய்தான், அதைச் சொல்லியாக வேண்டும். காலம் கடந்துவிட்டிருந்தது. கடைசி வருடம் படி ஏற முடியாமல் கீழறைக்குக் கட்டிலை மாற்றினோம். கடைசி மாதங்களில் மூக்கில் குழாயோடு, ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகப் பேசினான். அந்தத் துண்டுகளிலும் வேடிக்கை பேசினான். நாங்கள் சிரிப்பதற்குள் அவனுக்கு இருமல் வந்துவிடும் என்பதால் சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

அவன் போய்ப் பத்து நாள் கழித்துப் பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். அண்ணி நாற்காலியை எடுத்துப் போட்டாள். மிஷினை விற்றுவிட்டதாகச் சொன்னார். லேப்பில் புது ஜன்னல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

“மாஸ்டர் எப்படி இருந்தாரோ அப்படியே முன்னால உக்கார வெச்சிருக்கணும்மா” என்றார் கடைசியில். “பல்லைப் பாத்துட்டு நாலு பேரு எந்திரிச்சுப் போனா போகட்டும்னு விட்டிருக்கணும்.”

அண்ணி அவரைப் பார்த்தாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. கடைக்காரரிடம் கணக்கில் விட்டுப்போன ஒன்றைச் சொல்பவள் போல, தணிந்த குரலில் சொன்னாள்:

“சொல்லியிருந்தா உக்காந்திருப்பாருங்க.”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே அம்மா யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். நான்தான் எழுந்து போய், அண்ணன் வேலை பார்த்த இடத்திலிருந்து என்று சொன்னேன்.